சாவி மாமா

சூப்பர்வைசர் சுற்றி வளைக்கவில்லை.

"உன்னை மறுபடி எடுத்துக்க எனக்கு ஆட்சேபணை இல்லப்பா. ஆளுக்குப் பஞ்சம். ஆனா மேல கேக்குறாங்க, ஒரே ஒரு கடுதாசி. உன் மச்சான் உன்னை மன்னிச்சுட்டேன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரணும். திங்கட்கிழமை எட்டு மணிக்கு என் மேஜையில இருக்கணும்."

"தரலேன்னா?"

"அந்த ஓட்டல்லயே தட்டு கழுவு. அதுவும் வேலைதானே."

அவனை எல்லாரும் ஒல்லி என்றுதான் கூப்பிடுவார்கள். லிஃப்ட் மெக்கானிக்காக இருந்த காலத்தில், மற்றவர்களின் தோள் நுழையாத இடுக்கில் எல்லாம் அவன் நுழைந்து வெளியே வருவான். இரண்டு வருடச் சிறையும் மூன்று வருடத் தட்டுக் கழுவலும் அவனைப் பருக்க வைத்துவிட்டன. பெயர் மட்டும் இன்னும் இளைத்தபடியே இருந்தது.

லிஃப்ட் வேலையில் ஒரு விதி உண்டு. அடியில் பள்ளத்துக்குள் இறங்குகிறவன், முதலில் உச்சி மாடி இயந்திர அறைக்குப் போய் மெயின் சுவிட்சை அணைத்து, அதில் தன் பூட்டைப் போட வேண்டும். ஒரு பூட்டுக்கு ஒரே சாவி. அது அவன் பையில் இருக்கும். இரண்டு பேர் வேலை செய்தால் இரண்டு பூட்டு. பூட்டிய கைதான் திறக்க வேண்டும். நல்ல விதி. ஆனால் அணைத்த லிஃப்டில் ஏறிப் போக முடியாது. வேலை முடிந்தவன் பத்து மாடியும் படியேறிப் போய்த் தன் பூட்டைத் திறக்க வேண்டும்.

ஒல்லியும் அவன் அக்காவின் புருஷனும் ஜோடியாக வேலை பார்த்தவர்கள். "ஒரே குடும்பத்துக்குள்ள எதுக்குடா ரெண்டு பூட்டு?" என்று மச்சான்தான் ஒருநாள் தன் பூட்டின் மாற்றுச் சாவியை அவன் கையில் வைத்தார். அதற்குப் பிறகு அவர் படியேறவில்லை. கீழே மச்சான், மேலே ஒல்லி, நடுவில் செல்போன். இரண்டு வருடம் அப்படியே ஓடியது.

அன்றைக்கு மச்சான் போன் செய்து, "முடிஞ்சுது, போடு" என்றார். சொன்னபோது பள்ளத்திலிருந்து ஏறியும் விட்டிருந்தார். ஸ்பானரை உள்ளேயே வைத்துவிட்டது அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தது. மறுபடி இறங்கினார். சுவிட்சைப் போடுமுன், கயிறு போகும் துளைக்கு மேலே குனிந்து கீழே ஒரு குரல் கொடுக்க வேண்டும். அதுவும் விதிதான். ஒல்லிக்குப் பசி. குனியவில்லை. பூட்டைத் திறந்து சுவிட்சைப் போட்டான். முதல் மாடியில் நின்றிருந்த லிஃப்ட் இறங்கியது. ஏறி வெளியே வந்துகொண்டிருந்த மச்சானுக்கு முழங்காலுக்குக் கீழே இரண்டு காலும் போயின.

"சாவி உன்கிட்ட எப்படி வந்துது?" என்று விசாரணையில் கேட்டார்கள்.

அவரே கொடுத்தார் என்றால் கம்பெனி அவரைக் கைகழுவிவிடும். அக்காவுக்கு நாலு வயதில் ஒரு பெண் குழந்தை. "அவருக்குத் தெரியாம எடுத்து மாத்துச் சாவி அடிச்சேன்" என்றான் ஒல்லி. அப்படிச் சொல்லச் சொல்லி யாரும் அவனைக் கேட்கவில்லை. மச்சான் கட்டிலில் படுத்தபடி அதைக் கேள்விப்பட்டார். மறுக்கவில்லை. அக்காவும் கேள்விப்பட்டாள். அன்றிலிருந்து அவன் முகத்தில் விழிக்கவில்லை.

சிறையில் அவன் ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தான். குனியாதது என் தப்பு, அதற்கு மன்னிப்புக் கேட்பேன். திருட்டு என் தப்பு இல்லை, அதை மச்சானே அக்காவிடம் சொல்லட்டும். ஊருக்குச் சொல்ல வேண்டாம். அவள் ஒருத்திக்குத் தெரிந்தால் போதும்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குப் போய் நின்றான். கார் நிறுத்தும் இடத்துக்குப் பின்னால் தரைத்தள வீடு. வாசல்படியை இடித்துச் சரிவு போட்டிருந்தார்கள். உள்ளே சுவிட்ச் பலகைகள் எல்லாம் இடுப்பு உயரத்துக்கு இறங்கியிருந்தன. சுவர்க்கண்ணாடியும் அப்படித்தான். அதில் அவனுடைய வயிறு தெரிந்தது, முகம் தெரியவில்லை.

கதவைத் திறந்துவிட்டிருந்தது அந்தக் குழந்தைதான். இப்போது ஒன்பது வயது.

"நீங்கதான் சாவி மாமாவா?"

"என்னது?"

"எங்கப்பா சாவியைத் திருடினீங்களே, அந்த மாமா."

குரலில் கோபம் இல்லை. தபால்காரரா என்று கேட்பதைப் போலத்தான் கேட்டாள். அந்த வீட்டில் அவனுக்கு அதுதான் பெயர் போல.

சமையலறையில் அக்காவின் முதுகு தெரிந்தது. திரும்பவில்லை. துணிவாளியைத் தூக்கிக்கொண்டு பின்வாசல் வழியாகப் போய்விட்டாள்.

"வாடா வா" என்றார் மச்சான். சக்கர நாற்காலியில் இருந்தார். காதில் போன் மாட்டியிருந்தது. "உக்காரு. நான் ஏற்கெனவே உக்காந்தாச்சு."

ஒல்லி உட்கார்ந்தான்.

"உனக்கு ஒல்லின்னு பேரு வெச்சவனைக் கூட்டிட்டு வந்து காட்டணும்டா. என் ரெண்டு காலையும் நீதான் தின்னிருக்கே போல."

ஒல்லி அசடு வழியச் சிரித்தான். சிரிக்காமல் இருப்பது எப்படி என்று தெரியவில்லை. சிறுமியும் சிரித்தாள்.

"மச்சான், அன்னிக்கு நான் குனிஞ்சு ஒரு குரல் குடுத்திருக்கணும். அதை நெனைக்காத நாள்…"

மச்சான் கையை உயர்த்தினார். காதில் அழைப்பு வந்திருந்தது. கம்பெனி அவருக்குக் கொடுத்திருந்த வேலை அது. லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் கூப்பிடும் எண்ணுக்கு வீட்டிலிருந்தே பதில் சொல்வது.

"பயப்படாதீங்கம்மா. காத்து வந்துட்டேதான் இருக்கும். கதவைத் தள்ளாதீங்க, என்ன? எத்தனை பேரு உள்ள? குழந்தை அழுவுதா? குழந்தைகிட்ட குடுங்க. என்ன கண்ணு, லிஃப்டு தூங்கிடுச்சா? எழுப்பறதுக்கு ஒரு மாமா வர்றாரு, பாத்துட்டே இரு." இன்னொரு எண்ணை அழுத்தி ஒரு மெக்கானிக்கைக் கிளப்பி அனுப்பினார். பிறகு ஒல்லியைப் பார்த்தார். குரலிலிருந்த தேன் வடிந்துவிட்டிருந்தது. "என்னமோ சொல்லிட்டிருந்தியே."

"ஒண்ணுமில்ல மச்சான்."

"பாப்பா, நோட்டை எடு. என் எழுத்து கோழி கிளறின மாதிரி இருக்கும், நீ எழுது."

சிறுமி தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு எழுதத் தயாரானாள். மச்சான் மேற்கூரையைப் பார்த்தபடி சொல்லிக்கொண்டே போனார். கடிதம் தலைக்குள் முன்பே தயாராக இருந்திருக்க வேண்டும்.

"ஐந்து வருடங்களுக்கு முன், எனக்குத் தெரியாமல் என் சாவியைத் திருடி, என் கால்கள் போகக் காரணமாக இருந்த என் மைத்துனரை…"

"மைத்துனர்னா யாருப்பா?"

"மச்சினன். இதோ உக்காந்திருக்காரே, இவரு."

"மச்சான்" என்றான் ஒல்லி. "அந்த ஒரு வார்த்தை வேணாமே. கவனக்குறைவாலன்னு போட்டாப் போதும்."

"எந்த வார்த்தை?"

"திருடின்னு."

"ஏன், நீ திருடலையா?"

சிறுமி பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி அப்பாவைப் பார்த்தாள், மாமாவைப் பார்த்தாள்.

"பாப்பா, மாமாவுக்குத் தண்ணி கொண்டா" என்றார் மச்சான்.

அவள் உள்ளே போனாள். மச்சான் நாற்காலியை உருட்டிக்கொண்டு அவன் முழங்காலில் இடிக்கும் அளவுக்குக் கிட்டே வந்தார்.

"அவ முன்னாடி என்னை என்னடா சொல்ல வைக்கப் பாக்குறே?"

"அவகிட்ட வேணாம். அக்காகிட்ட மட்டும் சொல்லுங்க. ஒரே ஒரு தடவை. நீங்கதான் குடுத்தீங்கன்னு."

"சொன்னா?"

"அக்கா என்னோட பேசுவா."

"என்னோட?" மச்சான் குரலைத் தாழ்த்தினார். "பல்லு தேய்க்கறதுலேர்ந்து படுக்கிற வரைக்கும் நான் அவ கையிலடா. அவளும் பாப்பாவும் என்னை ஒரு பாவப்பட்ட மனுஷன்னு நெனைச்சிட்டிருக்காங்க. முட்டாள்னு தெரிஞ்சா எத்தனை நாளைக்குத் தூக்குவா? கால் போனது போதும். மிச்சத்தையும் பிடுங்காதே."

"நான் ஜெயிலுக்குப் போனேன் மச்சான்."

"திரும்பி வந்துட்டியே. நடந்துதானே வந்தே?"

தண்ணீர் வந்தது. ஒல்லி குடித்தான்.

"எங்க விட்டோம் பாப்பா?"

"'காரணமாக இருந்த என் மைத்துனரை'. முன்னாடி 'திருடி' இருக்கு. அது இருக்கட்டுமாப்பா, அடிச்சிடவா?"

மச்சான் ஒல்லியைப் பார்த்தார். ஒல்லிக்கு ஓட்டலின் பின்கட்டு நினைவுக்கு வந்தது. எச்சில் தட்டுகளின் அடுக்கு, மரத்துப்போன விரல்கள், கொதிநீர்.

"இருக்கட்டும்" என்றான் அவனே.

"…முழு மனதுடன் மன்னித்துவிட்டேன்" என்று முடித்தார் மச்சான். கையெழுத்துப் போட்டார். தாளைக் கிழித்து நீட்டினார். "சந்தோஷம்தானே? நாளையிலேர்ந்து நீ எந்த லிஃப்டுக்குப் போகணும்னு நான்தான் சொல்லுவேன். போன்ல மச்சான் கிச்சான்னு கூப்பிட்டுடாதே. சார்."

"சரி சார்."

மச்சானுக்கு அது பிடித்திருந்தது.

வீட்டுக்குப் பின்னால் அக்கா கொடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். எல்லாம் மச்சானின் பேன்ட்டுகள், முழங்காலோடு வெட்டித் தைத்தவை. அவன் வந்து நின்றதும் அவள் அடுத்த துணியை எடுத்தாள்.

"கடுதாசி கெடைச்சுதில்ல? கெளம்பு."

"அக்கா, உன்கிட்ட ஒரு விஷயம் சொல்லணும்."

"சாவியை அவருதான் குடுத்தாருங்கறதா?"

ஒல்லி கொடியருகே ஓரடி வந்தான்.

"கோர்ட்டுல மேஜை மேல வெச்சிருந்தாங்களே, அந்தச் சாவி நான் போய் அடிச்சிட்டு வந்தது" என்றாள் அக்கா. "காய் வாங்கப் போனப்ப, பட்டறை அலமாரிக்குன்னு குடுத்தனுப்பினாரு. சாவிக்காரன் வளையம் மாட்டுற துளையை ஓரமாப் போட்டுட்டான். உடைஞ்சுடும்யான்னு அவன்கூட அரைமணி நேரம் சண்டை போட்டேன். பாத்தவுடனே தெரிஞ்சிடுச்சு."

"அவருக்குத் தெரியுமா, உனக்குத் தெரியும்னு?"

"என்னை அனுப்பினதையே மறந்துட்டாரு."

"அஞ்சு வருஷமாத் தெரியுமா?"

அவள் துணியை ஓங்கி உதறினாள். ஈரம் அவன் சட்டையில் தெறித்தது. "தெரியும்."

"ஒரு தடவை வந்து பாக்கணும்னு தோணலியாக்கா?"

"தோணுச்சு. பஸ் ஸ்டாப் வரைக்கும் வந்துட்டுத் திரும்பியிருக்கேன். வந்தா உன்னைப் பாத்து அழுவேன். அழுதுட்டு வந்து அவரைத் தூக்க முடியாது." கொடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "தினம் நாலு தடவை தூக்கணும்டா. கட்டில்லேர்ந்து நாற்காலிக்கு, நாற்காலியிலேர்ந்து கக்கூஸுக்கு. முதுகுல ஒண்ணும் பாக்கி இல்ல. யாரு மேலயாவது கோவமா இருந்தாத்தான் அந்த பலம் வருது. அவரு மேல கோவப்பட்டா கீழ போட்டுடுவேன்."

"குனிஞ்சு குரல் குடுக்காதது என் தப்புதானே. அதுக்குக் கோவப்பட்டுக்கோ. திருடன்னு மட்டும் நெனைக்காதே."

"அந்தத் தப்பு ஒரு வருஷத்துக் கோவத்துக்குத்தான் காணும். எனக்கு ஆயுசுக்கும் வேணும்."

"அப்போ என்னை மன்னிக்கவே மாட்டே."

"உன்னை மன்னிச்சுட்டா இந்த வீட்டுல யாரைடா திட்டுறது?" என்றாள் அக்கா. "வேலைக்குப் போ. நல்லாயிரு. இங்க மட்டும் வராதே."

சிறுமி ஓடிவந்தாள். கையில் ஒரு கவர்.

"அப்பா இதுல போட்டு எடுத்துட்டுப் போகச் சொன்னாரு. மடங்கினா கம்பெனியில மதிக்க மாட்டாங்களாம்." கவரைக் கொடுத்துவிட்டும் அவள் போகவில்லை. "மாமா, ஏன் திருடினீங்க?"

அக்காவின் கை கிளிப்போடு அந்தரத்தில் நின்றது. அவள் அவன் பக்கம் திரும்பவில்லை. பிடரியில் வியர்வை வழிந்து ரவிக்கைக்குள் இறங்குவதை அவன் பார்த்தான். அவள் தோள்கள் ஆண்களின் தோள்களைப் போல ஆகியிருந்தன. உண்மை மிகவும் சின்னது. ஒரே மூச்சில் சொல்லிவிடலாம்.

"படி ஏறச் சோம்பேறித்தனம்" என்றான் ஒல்லி. "உங்கப்பா சாவியைத் தரமாட்டேன்னுட்டாரு. அதான் திருடினேன்."

"வேணாம்னு சொன்னாரா?"

"சொன்னாரு. எத்தனையோ தடவை சொன்னாரு. நான்தான் கேக்கல."

சிறுமி யோசித்தாள். "அப்பா உங்களை மன்னிச்சுட்டாரு. நான் மன்னிக்கல."

"மன்னிக்காதே."

"எப்பவுமேவா?"

"எப்பவுமே."

அக்கா கிளிப்பை மாட்டினாள். பிறகு வாளிக்குள் குனிந்தாள், அடியில் கிடந்த துணிகளை ஒவ்வொன்றாகப் புரட்டினாள். நிமிர வெகுநேரம் ஆயிற்று.

ஒல்லி கடிதத்தை மடங்காமல் கவருக்குள் செலுத்தினான். கார்களுக்கு நடுவே புகுந்து போனான். முன்பென்றால் நேராக நடந்திருப்பான். இப்போது பக்கவாட்டில் திரும்பி, வயிற்றை எக்கித்தான் போக முடிந்தது.

"அம்மா" என்றாள் சிறுமி, அவன் காதில் விழும்படி. "அவரு கேட்டைத் தாண்டற வரைக்கும் நான் இங்கயே நின்னு பாத்துக்கறேன். எதையாவது எடுத்துட்டுப் போயிடப் போறாரு."

"நில்லு" என்றாள் அக்கா.