மூன்றாவது வரிசை, கடைசி ஆணி

எங்கள் ஊர் நூலகர் ஊரின் பழைய வரலாற்றைப் புத்தகமாக எழுதிக்கொண்டிருந்தார். கடலில் கணுக்கால் நனைந்தாலே சளி பிடிக்கிற மனிதர். ஆனாலும் புயலைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளியிருந்தார். அச்சுக்குப் போகுமுன் ஒருமுறை பார்த்துத் தரச் சொல்லி அந்தத் தாள்களை என்னிடம் கொடுத்தார். முப்பது வருடத்துக்கு முந்தைய அந்தப் புயலில் என் அண்ணன் செத்துப்போனதால் எனக்கு இந்த மரியாதை.

'மீட்புப் படகுத் தலைவர் அஞ்சிக் கரையிலேயே இருந்துவிட்டதால் மீனவர் ஒருவர் உயிரிழந்தார்' என்று ஒரு வரி. அவரைப் பற்றிய ஊர்ப் பேச்சு என்றாவது ஓய்ந்துவிடும் என்று என்னை நானே ஏமாற்றிக்கொண்டிருந்தேன். அச்சில் ஏறிவிட்டால் அது எப்படி ஓயும்?

நடந்தது இதுதான். துறைமுக அலுவலகச் சுவரில் ஒரு பலகை இருந்தது. மூன்று வரிசை ஆணிகள். ஆளுக்கு ஓர் ஆணி, ஆளுக்கு ஒரு பித்தளைத் தகடு. கடலுக்குப் போகிறவன் தன் தகட்டைக் கழற்றிக் கீழே உள்ள பெட்டியில் போட வேண்டும். திரும்பியதும் எடுத்து மாட்ட வேண்டும். வானம் கெட்டால் தலைவர் பலகையைப் பார்ப்பார். ஆணி காலியாக இருந்தால் மீட்புப் படகை எடுத்துக்கொண்டு தேடிப் போவார். மாட்ட மறந்தவனை ஒரு வாரம் கடலில் இறங்க விடமாட்டார்கள்.

என் அண்ணனுக்கு மறதி என்றால் அப்படியொரு மறதி. ஒருமுறை மீன் கூடையைப் பத்திரமாகக் கரையேற்றிவிட்டு, படகைக் கட்ட மறந்து, அதன் பின்னாலேயே நீந்தினான். மாதத்தில் ஒரு வாரமாவது வீட்டில் முடங்கிக் கிடப்பான். அதனால் அவன் தகட்டையும் சேர்த்து நானே மாட்டிவிடுவது வழக்கமானது. அடுத்தவன் தகட்டைத் தொடக்கூடாது என்பது விதி. அண்ணன் தம்பிக்குள் என்ன பெரிய விதி என்று இருந்தேன்.

அன்று மதியம் வானம் கறுத்ததும் நான் கரைக்குத் திரும்பினேன். அண்ணனின் படகு துறையில் கட்டிக் கிடந்தது. அவன் ஆணியோ காலி. "வழக்கம்போல மறந்துட்டான் மகராசன்" என்று முணுமுணுத்தபடி தகட்டை மாட்டிவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்தேன். அவன் படகில் அன்று ஓட்டை விழுந்திருந்தது. பக்கத்து வீட்டுக்காரரின் சின்னப் படகை வாங்கிக்கொண்டு போயிருக்கிறான். எனக்கு அது தெரியாது.

சாயங்காலம் அண்ணி கொட்டும் மழையில் அலுவலகத்துக்கு ஓடியிருக்கிறாள். "தகடு மாட்டியிருக்கும்மா. கரையிலதான் எங்கயாவது ஒதுங்கியிருப்பாரு" என்று சொல்லித் தலைவர் அவளைத் திருப்பி அனுப்பினார். மீட்புப் படகு நகரவில்லை.

விடிந்ததும் அண்ணனின் உடல் கரை ஒதுங்கியதாகச் சேதி வந்தது. நான் அங்கே ஓடவில்லை. அலுவலகத்துக்கு ஓடினேன். உள்ளே யாரும் இல்லை. தகடு தொங்கிக்கொண்டிருந்தது. கழற்றிப் பெட்டியில் போட்டுவிட்டு, அப்புறம்தான் அண்ணனைப் பார்க்கப் போனேன்.

தகடு இருந்தது என்று தலைவர் தலையில் அடித்துக்கொண்டு சத்தியம் செய்தார். ஊர் அவருக்குக் காலி ஆணியைக் காட்டியது. அண்ணி நடுத்தெருவில் நின்று அவரைக் கரித்துக் கொட்டினாள். வேலை போயிற்று, பயந்தாங்கொள்ளி என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. நான் வாயைத் திறக்கவில்லை. இத்தனை வருடமும் அண்ணி கையால் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன், வெட்கங்கெட்டவன்.

நூலகரின் தாளை எடுத்துக்கொண்டு அண்ணியிடம் போனேன். தையல் மெஷினில் தலையணை உறை தைத்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். மெஷின் நின்றது.

"மாட்டினது தெரியாம செஞ்சது தம்பி. கழட்டினீங்களே, அது?"

நூலை அறுத்துவிட்டு எழுந்தாள்.

"கிளம்புங்க. அந்த மனுஷனப் போய்ப் பாக்கணும்."

தலைவருக்கு எண்பது வயது. மனைவி இறந்து இரண்டு வருடம் ஆகிறது. ஒற்றை அறையில், கட்டிலில் உட்கார்ந்து சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தார். அண்ணியைக் கண்டதும் பதறி எழுந்தார். மறுபடியும் திட்ட வந்திருக்கிறாள் என்று நினைத்திருப்பார்.

"ஐயா, நீங்க சொன்னதுதான் உண்மை. தகடு இருந்திருக்கு. இவர்தான் மாட்டினாரு, காலைல இவரே கழட்டிட்டாரு. அது தெரியாம நான் உங்கள என்னென்னவோ பேசிட்டேன்" என்று சொல்லி அண்ணி அழுதாள்.

அவர் என் பக்கம் திரும்பினார். "மூணாவது வரிசை, கடைசி ஆணி. இருந்துச்சா?"

"இருந்துச்சுங்கய்யா."

"நல்லா யோசிச்சுச் சொல்லு."

"நான்தான் மாட்டினேன். இருந்துச்சு."

கட்டிலைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார். புத்தகத்தில் திருத்தச் சொல்கிறேன், என் பெயரையே போடச் சொல்கிறேன் என்று உளறினேன். அவர் அதைக் காதில் வாங்கவில்லை.

"எல்லாரும் இல்ல, இல்லன்னு சொல்லச் சொல்ல எனக்கே சந்தேகம் வந்துடுச்சுப்பா. பயத்துல இல்லாதது இருக்கற மாதிரி தெரிஞ்சுதோன்னு" என்றார். "என் பொண்டாட்டி கடைசி நாள்ல கையப் புடிச்சுக்கிட்டுக் கேட்டா. 'எங்கிட்டயாவது உண்மையச் சொல்லுங்க, அன்னிக்குப் பயந்துட்டீங்கதானே'ன்னு."

சட்டையை மடியில் வைத்துத் தடவினார்.

"ஆமான்னு சொல்லிட்டேன்."