நான்காம் பாட்டுக்குப் பின் ஒரு பெண் குரல்

புனேயை ஒட்டிய சிஞ்ச்வட்டில் பாலச்சந்திரன் வீட்டு ஹாலில் முதன்முதலாக மழை பெய்தது 1995 பிப்ரவரியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை இட்லிக்குப் பிறகு. வெளியே சுள்ளென்று வெயில். மேல்வீட்டில் குழாய் எதுவும் உடைந்திருக்கவில்லை. டேப் ரெக்கார்டரில் ஒரு கேசட் ஓட ஆரம்பித்தது, இரண்டாவது பாட்டில் மின்விசிறிக்கு மேலிருந்து தூறல் விழுந்தது, மூன்றாவதில் கனத்தது. சோபா ஊறிப்போயிற்று. செய்தித்தாள் கூழாயிற்று. வயிற்றுப் பிள்ளையோடு இருந்த பாமா ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு குளியலறையிலிருந்து வாளியை இழுத்துவந்தாள். பாலச்சந்திரன் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தான். பதிவுசெய்யும்போது கேசட்டைப் பக்கம் மாற்றியதில் மூன்றாம் பாட்டின் கடைசி வரி அறுந்துபோயிருந்தது. அதைப் பற்றித்தான் அவன் அன்று முழுக்கப் புலம்பினான்.

பாடியவர்கள் தேர்ட் ஷிஃப்ட் என்ற ராக் இசைக்குழு. பிம்ப்ரியிலும் சிஞ்ச்வட்டிலும் தொழிற்சாலைகளில் பயிற்சிக்கு வந்த பையன்கள் நாலு பேர். ஜோஷுவா என்பவன் கிதார் வாசித்துக்கொண்டு பாடுவான். அவர்கள் ஸ்டூடியோ வாசலை மிதித்ததில்லை, கடையில் விற்கிற மாதிரி ஒரு கேசட்டும் போட்டதில்லை. மேடையில் பாடியதை யாராவது பதிவுசெய்தால் உண்டு, இல்லாவிட்டால் காற்றோடு போயிற்று. அந்தக் கேசட் 1994 செப்டம்பரில் பதிவானது. பிம்ப்ரியில் கணபதி விழா நடத்தும் ஒரு மண்டல்காரர்கள் இந்திப் பாட்டு பாடும் ஆர்க்கெஸ்ட்ரா என்று நினைத்து இவர்களைக் கூப்பிட்டுவிட்டார்கள். முதல் பாட்டிலேயே பெரியவர்கள் காதைப் பொத்திக்கொண்டு எழுந்தார்கள், மழை வந்ததும் மற்றவர்களும் போனார்கள். எஞ்சிய கொஞ்சப் பேர் குடைக்குள் நின்றார்கள். அதில் பாலச்சந்திரனும், ஜூன் மாதம் அவனைக் கட்டிக்கொண்டு கோயம்புத்தூரிலிருந்து வந்த பாமாவும் இருந்தார்கள். குடை முழுவதும் ரெக்கார்டருக்கு. பாமா பாதி நனைந்தாள். என்ன பிடித்தும் ரெக்கார்டருக்குள் தண்ணீர் போய்விட்டது. அதைக் காயவைத்துப் பழுதுபார்த்து எடுக்கத்தான் பிப்ரவரி ஆயிற்று.

மறு வருஷம் பாலச்சந்திரன் கையேட்டின் முதல் பதிப்பைக் கொண்டுவந்தான். தேர்ட் ஷிஃப்ட் எங்கெங்கே பாடியது, என்ன வரிசையில் பாடியது, யார் பதிவுசெய்தார்கள், பதிவு எந்த லட்சணத்தில் இருக்கிறது என்றெல்லாம் தட்டச்சு செய்து, ஜெராக்ஸ் எடுத்து, நடுவில் ஸ்டேப்ளர் அடித்த புத்தகம். பிம்ப்ரி நிகழ்ச்சிக்கு நேரே, ஒலி பரவாயில்லை, ஈரம் அதிகம், வாளி அவசியம் என்று இருந்தது. ஹடப்சர் கல்யாண மண்டபத்துப் பதிவைப் போட்டால் கட்டிடம் முழுக்கக் கரண்டு போகும், ஆகவே யாரும் லிஃப்டில் இல்லை என்று பார்த்துக்கொள்ளவும் என்று இருந்தது. ஒரு பொறியியல் கல்லூரியில் யாரோ மேடையை நோக்கிச் செருப்பு வீசிய பதிவும் இருந்தது. அதைப் போடும்போதெல்லாம் இடதுகால் செருப்பு ஒன்று அலமாரியில் மோதி விழும். எல்லாம் ஒரே அளவு, எல்லாம் இடதுகால். பாமா அவற்றைக் காய்கறிக்காரிக்குக் கொடுக்கப் பார்த்தாள். அவளுக்கும் வலதுகால் என்று ஒன்று இருந்ததால் வாங்கிக்கொள்ளவில்லை.

பாமாவுக்கு மழைகூடப் பெரிதில்லை, அதைப் பற்றி யாரும் கேட்காததுதான் பொறுக்கவில்லை. ஷில்லாங்கிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் விசாகப்பட்டினத்திலிருந்தும் ரசிகர்கள் கடிதம் எழுதினார்கள், நகல் எடுத்து அனுப்பச் சொல்லி வெற்றுக் கேசட் அனுப்பினார்கள். வீட்டுக்குள் எப்படி மழை என்று ஒரு பிறவி கேட்கவில்லை. ஐந்தாவது பாட்டில் கிதார் இரண்டு சுற்றா மூன்று சுற்றா என்று பக்கம் பக்கமாகச் சண்டை போட்டார்கள். நகலுக்கு மழை குறையும், நகலின் நகலுக்கு வெறும் தூறல்தான். பெங்களூர்க்காரன் ஒருவன் தன் அறையில் சுவர்கூட நனையவில்லை, நல்ல பிரதியைப் பாலச்சந்திரன் பதுக்கிவைத்திருக்கிறான் என்று எழுதினான். அதற்குப் பதில் எழுதுவதிலேயே தீபாவளி போயிற்று. கீழ்வீட்டு நீலா தேஷ்முக் வாரம் தவறாமல் மேலே ஏறிவந்து, "பாமா, சீலிங்கிலே பானி வருதே, ப்ளம்பரைக் கூப்பிடு" என்று தனக்குத் தெரிந்த தமிழில் சத்தம்போட்டுவிட்டுப் போவாள். ப்ளம்பர் வந்து பார்த்து, குழாயில் கோளாறில்லை, பாட்டில்தான் கோளாறு என்று சொல்லிவிட்டுப் போனான். சோபாவின் பஞ்சில் ஒருதரம் காளான் முளைத்தது. மே மாதத்தில் பிறந்த வைஷு ரெயின்கோட்டோடு தவழ்ந்து பழகினாள்.

இதெல்லாம் போதாது என்று சவரிமுத்து வந்து சேர்ந்தார். தூத்துக்குடிக்காரர், கட்கியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை. அவரும் ஒரு கையேடு வெளியிட்டார். அதே பிம்ப்ரி நிகழ்ச்சியை மேடைக்குப் பக்கத்தில் இருந்த ஒலிப்பெட்டியிலிருந்து நேரே கம்பி இழுத்துப் பதிவுசெய்தவர் அவர். அந்தக் கேசட்டில் பாட்டு மட்டும்தான், கூட்டத்துச் சத்தம் கிடையாது. துளி மழை கிடையாது. பாலச்சந்திரனின் பதிவில் தேவையற்ற ஈரம் என்று அவர் எழுத, சவரிமுத்துவின் பதிவில் உயிரில்லை என்று இவன் எழுத, ரசிகர்கள் நனைந்த கட்சி, நனையாத கட்சி என்று பிரிந்தார்கள். 1999இல் இசைக்குழு கலைந்தது, ஜோஷுவா மஸ்கட்டுக்கு வேலைக்குப் போனான். பாடியவர்களே விட்டுவிட்டார்கள், கேட்டவர்கள் விடவில்லை. கையேட்டுக்காரர்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்ததுகூட இல்லை. ஆனாலும் சவரிமுத்து என்ற பெயரைக் கேட்டால் பாலச்சந்திரனுக்குச் சோறு இறங்காது.

2002இல் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. அதுவரை ஆபீஸ் தட்டச்சரிடம் கெஞ்சிக்கொண்டிருந்த பாலச்சந்திரன் மூன்றாம் பதிப்பின் தாள்களைப் பாமாவிடம் நீட்டினான். பிம்ப்ரியில் மருந்துத் தொழிற்சாலையின் அலுவலகத்தில் நாள் முழுக்கத் தட்டச்சு செய்பவள், வீட்டிலும் அதே வேலையா என்று முனகிக்கொண்டுதான் உட்கார்ந்தாள். அந்தக் கேசட்டை அவள் ஒருதரமும் முழுசாகக் கேட்டதில்லை. அது ஓடும்போதெல்லாம் வாளியும் துடைப்பமுமாக அலைந்திருக்கிறாள். பிம்ப்ரி நிகழ்ச்சிக்கு வந்தபோது அவள் விரல்கள் நின்றன. நான்காம் பாட்டுக்குப் பின், அடையாளம் தெரியாத ஒரு பெண் குரல் குறுக்கிடுகிறது, இடையூறு, அடுத்த நகலில் நீக்கப்படும் என்று அவன் எழுதியிருந்தான்.

பாலச்சந்திரன் பால்கனியில் செருப்பைக் காயவைத்துக்கொண்டிருந்தான். அவள் தாளோடு போய் நின்றாள்.

"ஏங்க, இது யாருங்க?"

"எது?"

"இந்த அடையாளம் தெரியாத பொம்பளை."

"யாரோ. பக்கத்துல நின்னிருப்பாங்க. நல்ல இடத்துல வந்து பேசித் தொலைச்சுட்டாங்க."

"உங்க பக்கத்துல யாருங்க நின்னா அன்னைக்கு?"

அவன் யோசித்தான். உண்மையாகவே யோசித்தான், அதுதான் அவளுக்கு ஆறவில்லை. பிறகு அவன் முகம் மாறியது. "நீயா?" என்றான். "அன்னைக்கும் சரி, கேசட்டுலயும் சரி, நான் பாட்டைத்தான் கேட்டுட்டிருந்தேன் பாமா. என்ன சொன்னே?"

"இடையூறுன்னு எழுதீட்டீங்கல்ல? சரி. நானே எடுத்துக்கறேனுங்க."

சொன்னபடி எடுத்துக்கொண்டாள். மறுநாள் அந்தக் கேசட்டில் நான்காம் பாட்டுக்குப் பின் ஒன்றும் இல்லை. ஷில்லாங்கிலும் விசாகப்பட்டினத்திலும் இருந்த நகல்களிலும் இல்லை. பாட்டெல்லாம் அப்படியே இருந்தது, மழை மட்டும் வரவில்லை. குரல் பாமாவின் தொண்டைக்குத் திரும்பியிருந்தது. முப்பது வயதைத் தாண்டியவளிடமிருந்து திடீர் திடீரென்று இருபத்துமூன்று வயதுக் குரல் கிளம்பும், பால்காரரிடம் பேசும்போது, ஆபீஸ் போனை எடுக்கும்போது. புதுசாக யாரோ பெண் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள் என்று ஹடப்சர் கிளையில் பேசிக்கொண்டார்கள். வீட்டில் அந்தக் குரலில் அவள் பாலச்சந்திரனிடம் பேசவே இல்லை. பழைய குரலிலும் சாப்பாடு, கேஸ் சிலிண்டர், வைஷுவின் பள்ளிக்கூடம், அவ்வளவுதான். சோபா பல வருஷத்துக்குப் பிறகு காய்ந்தது. நீலா ஒரு மாதம் மேலே வராமல் இருந்துவிட்டு, எல்லாரும் நன்றாகத்தான் இருக்கிறார்களா என்று விசாரிக்க வந்தாள்.

ரசிகர்கள் கொதித்துப்போனார்கள். மின்னஞ்சலில் வசவு வந்து குவிந்தது. பாலச்சந்திரன் ரெக்கார்டரைக் கழற்றித் துடைத்தான், வேறு ரெக்கார்டர் வாங்கினான், கையேட்டில் அந்த வரியை வெட்டி, 'இது என் மனைவியின் குரல்' என்று திருத்தினான். திருத்திய தாளைப் பாமா படித்துவிட்டு அதன் மேல் பருப்பு டப்பாவை வைத்தாள். அவள் என்னதான் சொன்னாள் என்று அவன் கேட்டுக்கொண்டே இருந்தான். "அதையும் புத்தகத்துல போடோணுமா?" என்பதற்கு மேல் அவள் வாய் திறக்கவில்லை.

அந்த ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை மதியம் சவரிமுத்து ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். தலை நரைத்த, குட்டையான மனிதர், கையில் ஒரு பை. எகத்தாளம் பேச வந்திருக்கிறார் என்று நினைத்துப் பாலச்சந்திரன் உட்காரக்கூடச் சொல்லவில்லை. அவர் தானே உட்கார்ந்து பையிலிருந்து ஒரு கேசட்டை எடுத்தார். மேலட்டை ஈரம்பட்டு உப்பியிருந்தது. அது பாலச்சந்திரனின் பதிவு, நனைந்த கட்சியின் நகல். வேறு பெயரில் எழுதிக் கேட்டு வாங்கியிருக்கிறார், வருஷக்கணக்காக வீட்டில் அதைத்தான் போட்டுக் கேட்டிருக்கிறார். "என்னுது நல்ல பதிவுதான், ஆனா அதுல வீட்டுக்காரிக்கு மனசு ஒட்டல" என்றார். அப்புறம் தண்ணீர் கொண்டுவந்த பாமாவைப் பார்த்தார். அவள் இளைய குரலில் "வாங்க" என்றதும் எழுந்து நின்றுவிட்டார்.

"அம்மா, அது நீங்கதான?"

பாமா தண்ணீரை அவர் கையில் கொடுத்தாள்.

"எங்கன போச்சு அந்தக் குரலுன்னு எங்க வீட்டுக்காரி ஒரு மாசமா சரியா சாப்பிடல. நீங்க அன்னைக்கி மழையில சொன்னியளே, 'ஏங்க, எனக்கு நாள் தள்ளிப்போயிருக்குங்க'ன்னு. அதக் கேட்டு அவ அழுதுட்டா. எங்களுக்குப் புள்ள இல்ல பாத்துக்கிடுங்க. அதுக்கு இவுக 'ஷ்ஷ்'னாக. இவுகள நேருல பாத்தா நாலு வார்த்த கேக்கணும்னுதான் எனக்கு இத்தனை வருசமா கோவம். பாட்டு வரிசையெல்லாம் சும்மா." அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "பொண்ணா பையனான்னு மட்டும் எங்களுக்குத் தெரியல. அதக் கேட்டுட்டு வரச்சொன்னா."

ஹாலின் மூலையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த வைஷு தலையைத் தூக்கி, "பொண்ணு" என்றாள்.

சவரிமுத்து அவளை வெகுநேரம் பார்த்தார். பிறகு பையிலிருந்து அவர் மனைவி கொடுத்தனுப்பிய மக்ரூன் டப்பாவை எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டு, காபிகூடக் குடிக்காமல் ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டு போனார்.

பாலச்சந்திரன் சுவரில் சாய்ந்து நின்றான். பிள்ளை வரப்போவது தனக்கு எப்படித் தெரிந்தது என்று அவனுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. கோயம்புத்தூரிலிருந்து மாமியார் போனில் வாழ்த்துச் சொன்னார், அவன் என்ன வாழ்த்து என்று கேட்டான். பாமா ஏன் அம்மாவிடம் முதலில் சொன்னாள் என்று அவனுக்குக் கொஞ்சம் வருத்தம்கூட இருந்தது. நாடு முழுக்க முன்பின் தெரியாதவர்கள் அறைகளில் நனைந்துகொண்டு கேட்ட செய்தி, பக்கத்தில் நின்றவன் காதில் விழவில்லை. அவன் கேசட்டை எடுக்கவில்லை, பேனாவை எடுக்கவில்லை. பாமாவுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தான்.

"இன்னொரு தடவை சொல்லு பாமா."

"எதுக்கு?"

"நான் கேக்கலை. அதனால."

அவள் அவனைத் திட்டத் தொடங்கினாள். சோபாவில் ஆரம்பித்து, காளான், செருப்பு, பெங்களூர்க்காரன், தீபாவளி எல்லாவற்றையும் சொல்லித் திட்டினாள், பழைய குரலில். அவன் ஒவ்வொன்றையும் காதில் வாங்கிக்கொண்டான். திட்டித் தீர்ந்தபோது அவளுக்கு மூச்சு வாங்கியது. அப்போது இளைய குரல் தானாகக் கிளம்பி அந்த வாக்கியத்தைச் சொன்னது. சொல்லும்போது 1994இல் இருந்த அதே தயக்கம், அதே கூச்சம். எச்சில் விழுங்குகிற சத்தம்கூட அதேதான்.

பாலச்சந்திரனின் கண் கலங்கிவிட்டது. "எப்ப?" என்றான்.

"எட்டு வருசத்துக்கு முன்னாலீங்க" என்று பாமா தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் சிரிப்பும் வந்துவிட்டது, அடக்க முடியவில்லை. வைஷு நோட்டுகளைப் பொறுக்கிக்கொண்டு படுக்கையறைக்கு ஓடினாள், ஏனென்றால் கேசட் எதுவும் ஓடாமலே ஹாலில் மழை பிடித்துக்கொண்டது. இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.

அதற்குப் பிறகு அந்த ஹாலில் மழை தன் இஷ்டத்துக்குப் பெய்தது. கேசட்டுகளுக்குக் குரல் திரும்பவில்லை, அது பாமாவிடமே தங்கிவிட்டது. ரசிகர்கள் கொஞ்ச நாள் கத்திவிட்டு ஓய்ந்தார்கள், சிலர் ரயிலேறி நேரில் வந்தார்கள். பாமாவும் பாலச்சந்திரனும் தரையைச் சரிவாக இழைத்து மூலையில் தண்ணீர் போக வழி வைத்தார்கள், டிவியைப் படுக்கையறைக்கு மாற்றினார்கள், சோபாவுக்குப் பதில் பிளாஸ்டிக் நாற்காலி வந்தது. கையேட்டின் நான்காம் பதிப்பில் சவரிமுத்துவின் பெயரும் அட்டையில் இருந்தது. ஐந்தாம் பாட்டில் கிதார் எத்தனை சுற்று என்பதில் இருவருக்கும் ஒத்துப்போகாததால் இரண்டு கணக்கும் அச்சாயிற்று. 2007இல் ஷில்லாங்கிலிருந்து ஒருவர் வந்தார், வழுக்கைத் தலை, தோளில் பை. சுற்றைப் பற்றிய கேள்வியை வாசலிலேயே ஆரம்பித்தார். பாமா அவரை நிறுத்தி, ஷூவை எங்கே வைத்தால் மிதக்காது என்று காட்டி, துண்டு ஒன்றைக் கொடுத்து, சாம்பார் சாதம் சாப்பிடுவீங்களா என்று இந்தியில் கேட்டாள். சாப்பிடுவேன் என்றார். பேன்ட்டை முழங்கால் வரை மடித்துவிட்டுக்கொண்டு உள்ளே வந்து உட்கார்ந்தார்.