ஆளுக்கா பஞ்சம்?

செவ்வாப்பேட்டையில் இரண்டு கைக்குழந்தைகளோடு தனியாகத் திண்டாடிய கன்னியம்மாளை, கடம்பத்தூருக்கே குடிவரும்படி மாமியார் வீட்டில் வற்புறுத்தினார்கள். "கொயந்தைங்கள பாத்துக்க இங்க ஆளுக்கா பஞ்சம்?" என்றாள் ஓரகத்தி முனியம்மாள்.

கொஞ்ச நாள் இருந்து பார்த்து முடிவு செய்யலாம் என்று புருஷனிடம் சொல்லிவிட்டுக் கன்னியம்மாள் போனாள். மறுநாளே நடவு தொடங்கியது. விடிந்ததும் வீட்டுப் பெண்கள் எல்லோரும் தங்கள் பிள்ளைகளை அவளிடம் விட்டுவிட்டுக் கழனிக்குப் போனார்கள். பக்கத்து வீட்டுக்காரியும் தன் பங்குக்கு இரண்டை விட்டாள்.

பொழுது சாய்ந்து முனியம்மாள் சேற்றுக்காலோடு திரும்பியபோது, அவளுடைய கடைக்குட்டி கன்னியம்மாளின் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது.

"நான் சொல்லல? இனிமே கொயந்தைங்களப் பத்தி கவலையே இல்ல."

"ஆமாக்கா, உங்களுக்கு இல்ல."

கடைக்குட்டியை அவளிடம் கொடுத்துவிட்டு, கன்னியம்மாள் துணிகளை மூட்டை கட்டினாள்.