கேள்வி கேட்காத ஸ்கிரிப்ட்

1

இந்தக் கதை என் அக்காவைக் கிண்டல் செய்யத் தொடங்கப்பட்டது. வேறு உயர்ந்த நோக்கம் இல்லை. யாராவது கண்டுபிடித்துச் சொன்னால் மறுக்கமாட்டேன்.

அக்கா எங்கள் கல்லூரிக் கணினிகளுக்கு அட்மின். பயனர் கணக்குகளைச் சேர்க்க, நீக்க அவள் கட்டளை கொடுக்கும்போதெல்லாம் இயந்திரம் பாஸ்வேர்டு கேட்கும்.

"நீ யாரு, நீ யாருன்னு உயிரை எடுக்குது. மாமியார்கூட இவ்ளோ குடைய மாட்டாங்க."

எனவே ஒரு ஸ்கிரிப்ட், அதாவது குட்டி நிரல், எழுதினாள். ஒரு ஃபோல்டரில் கிடக்கும் கோப்புகளை எடுத்து, வரிவரியாக, அட்மின் அதிகாரத்தோடு நிறைவேற்றும். அந்த ஸ்கிரிப்ட் வந்தால் பாஸ்வேர்டு எதையும் கேட்காதே என்று இயந்திரத்திடமும் சொல்லிவைத்தாள்.

"எது சொன்னாலும் செய்யுமாக்கா?"

"செய்யும். உன்னை மாதிரியா?"

2

தொடக்கம் ஒன்று: அட்மின் அறையில் விளக்கு அணைந்தது. (அரதப்பழசு. வேண்டாம்.)

தொடக்கம் இரண்டு: அவளுடைய நாற்காலி தானாகத் திரும்பி, மெல்ல (பேய்க்கு வேறு வேலை இல்லையா? வேண்டாம்.)

தொடக்கம் மூன்று: அன்று காலை அவளை யாருக்கும் தெரியவில்லை.

இது பிடித்தது. மூன்றையும் அவள் கணினியிலேயே டைப் அடித்து, கைக்கு அகப்பட்ட ஃபோல்டரில் சேமித்தேன். எந்த ஃபோல்டர் என்று உங்களுக்குத் தெரிந்துவிட்டது. எனக்கு மறுநாள்தான் தெரிந்தது.

(தமிழ் வாக்கியம் எப்படிக் கட்டளையாகும் என்று கேட்பீர்கள். நியாயம். இயந்திரம்தான் கேட்கவில்லை.)

3

மறுநாள் காலை அட்மின் அறை இருட்டாக இருந்தது. நாற்காலி பாதி திரும்பி நின்றது. அடைப்புக்குறிக்குள் 'வேண்டாம்' என்றதை ஸ்கிரிப்ட் தாண்டிப் போயிருக்கிறது.

அக்காவிடமிருந்து அழைப்பு. "டேய், வாட்ச்மேன் என்னைப் பாத்து யாரும்மா நீங்கன்றாரு. என்ன பண்ணித் தொலைச்ச?"

"கதை எழுதினேன்க்கா."

"எங்க சேவ் பண்ணின?"

சொன்னேன்.

"உடனே மாத்துடா. எனக்கே நான்"

பேச்சு பாதியில் அறுந்தது. பிறகு அதே குரல், மிக மரியாதையாக: "மன்னிக்கணும், நீங்க யாரு பேசறது?"

'யாருக்கும் தெரியவில்லை' என்று எழுதியிருந்தேன். அவளுக்கும்தான். (எழுதியவனுக்குச் செல்லாது போலிருக்கிறது. இதைச் சலுகை என்று சொல்லமாட்டேன்.)

கல்லூரி கேட்டுக்கு ஓடினேன். அங்கே யாருமில்லை. வீட்டில் அம்மா, "உனக்கு ஏதுடா அக்கா? காலேஜுக்கு மட்டம் போட இது ஒரு சாக்கா?" என்றாள்.

4

வரியை அழித்துப் பயனில்லை. நிறைவேறிய கட்டளை நிறைவேறியதுதான். புதிதாகத்தான் எழுத வேண்டும்.

முடிவு ஒன்று: அக்கா வீட்டுக்கு வந்தாள்.

சேமித்ததும் அழைப்புமணி. முன்பின் பார்த்திராத ஒரு பெண். "என்னடா தம்பி, முழிக்கிற?" என்று என் தலையைக் கலைத்துவிட்டு உள்ளே போனாள். "ஏம்மா இவ்ளோ நேரம்?" என்றாள் அம்மா.

கதையை மேலிருந்து படித்துப் பார்த்தேன். கிண்டல் இருக்கிறது, அக்கா எப்படி இருப்பாள் என்று ஒரு சொல் இல்லை.

முடிவு இரண்டு: கண்ணாடி போட்ட, கோபக்கார அக்கா வந்தாள். சேமித்தேன். வந்தாள். வேறொருத்தி.

முடிவு மூன்று: நகம் கடிக்கும், என் ஜோக்குக்குச் சிரிக்காத

இதை இன்னும் முடிக்கவில்லை. உள்ளே இரண்டு அக்காக்களும் என் ஜோக்குக்குச் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். என் அக்காவை யோசிக்க யோசிக்க எனக்கு அவர்கள் முகங்கள்தான் நினைவுக்கு வருகின்றன.

உங்களிடம் ஒரு பெண் வந்து, தான் யார் என்று கேட்டால், தயவுசெய்து எதையும் சொல்லிக்கொடுத்துவிடாதீர்கள். அவளை உற்றுப் பாருங்கள். எப்படி நிற்கிறாள், எதற்கு எரிச்சல்படுகிறாள் என்று பார்த்து, நான் பாதியில் விட்ட வரியை நீங்கள் முடித்துக் கொடுங்கள்.

சீக்கிரம். அக்கா முகத்தில் எனக்கு இப்போது நினைவிருப்பது வலது புருவம் மட்டும்.