செலின் வீட்டில் இருந்த வால்

குட்டைவால் பூனைகளுக்கு வால் குட்டை இல்லை. பாதி வளர்க்கிறவர் வீட்டில் இருக்கும், மீதி வேறு யார் வீட்டிலாவது இருக்கும். பூனையின் மனசு வாலில்தான் தெரியும் என்பதால், இந்த இனத்தை வளர்ப்பவர்கள் மீதி வால் எங்கே இருக்கிறது என்று முதலிலேயே விசாரித்து வைத்துக்கொள்வார்கள். தூத்துக்குடியில் இந்த இனம் அபூர்வம். அதனால் ஜசிந்தா டீச்சருக்கு இதை யாரும் சொல்லியிருக்கவில்லை.

லில்லி அவளிடம் வந்தது கூட வேலை பார்த்த ஒரு டீச்சர் மகனோடு மஸ்கட்டில் குடியேறப் போனபோது. சாம்பல் நிறம், காதுக்குப் பின்னால் கொஞ்சம் கருப்பு. பின்பக்கம் வால் இருக்க வேண்டிய இடத்தில் பஞ்சு உருண்டை மாதிரி ஒன்று ஒட்டியிருந்தது. அது அசையவே அசையாது.

ஜசிந்தா பெண்கள் பள்ளியில் இயற்பியல் எடுப்பவள். கடைசி பெஞ்சில் இருக்கிற பிள்ளைக்குப் பாடம் புரிந்ததா இல்லையா என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவாள். லில்லியிடம் அது பலிக்கவில்லை. சாளை மீன் வைத்தால் தின்றுவிட்டு அவளைப் பார்த்தது. வைக்காவிட்டாலும் அதே மாதிரி பார்த்தது. மடியில் தூக்கி வைத்தால் சும்மா இருந்தது. சும்மா இருக்கிறதே என்று தடவினால் பிறாண்டியது. சந்தோஷமாக இருக்கிறதா, வேண்டா வெறுப்பாக இருக்கிறதா என்று தெரியாமல் ஒரு உயிரோடு ஒரே வீட்டில் இருப்பதில் அவளுக்குத் தலை சுற்றியது.

கையில் கீறலோடு கால்நடை மருத்துவரிடம் போனாள். அவர் லில்லியைத் திருப்பிப் பார்த்தார்.

"மீதி வால் யாரு வீட்டுல இருக்கு டீச்சர்?"

"தெரியலையே."

"அது தெரியாம எப்படி வளக்கீங்க? அக்கம் பக்கத்துல கேளுங்க. நடந்து போற தூரத்துலதான் இருக்கும்."

கேட்டாள். பக்கத்து வீட்டில் ஒரு வால் இருந்தது, ஆனால் வெள்ளை. அது அடுத்த தெருவில் குடியிருக்கிற புன்னக்காயல்காரர் ஒருவரின் பூனையுடையது, அது அங்கே இருப்பது அவருக்கும் தெரியும். கடைசியில் மீன் விற்கிற புஷ்பம் கூடையை இறக்கி வைத்துக்கொண்டே சொன்னாள்.

"சாம்பல் வாலா? ஒங்க தங்கச்சி வீட்டு அலமாரி மேல ஒண்ணு கெடக்கு. போகையிலெல்லாம் பாக்கேன்."

ஜசிந்தா அன்று மீன் வாங்கவில்லை. தங்கை செலினோடு அவள் பேசுவதில்லை. அம்மாவின் அடக்கத்தோடு நின்றுபோன பேச்சு. இரண்டு வீட்டுக்கும் நடுவில் மூன்று தெருதான். இவள் முதல் பூசைக்குப் போவாள், அவள் இரண்டாம் பூசைக்குப் போவாள். அப்படியே ஓடிக்கொண்டிருந்தது.

இரண்டு புதுக் கீறல்கள் விழுந்த பிறகு போன் போட்டாள்.

"நான்தான்."

"தெரியுது."

"ஒன் வீட்டுல வால் ஒண்ணு இருக்காமே."

"இருக்கு."

"இப்ப எப்படி இருக்கு?"

போனைக் கீழே வைக்கிற சத்தமும் செருப்புச் சத்தமும் கேட்டன.

"ஆட்டுது" என்றாள் செலின்.

ஜசிந்தாவுக்குச் சந்தோஷம். அப்போது அவள் லில்லிக்குச் சீப்பால் வாரிவிட்டுக்கொண்டிருந்தாள். அதிலிருந்து தினமும் சாயங்காலம் வாரிவிட்டாள், தினமும் போன் போட்டாள். தினமும் ஆட்டியது. லில்லி தினமும் பிறாண்டியது. குழம்பிப் போய் மறுபடியும் மருத்துவரிடம் போனாள். ஆட்டினால் சந்தோஷம் என்பது நாய்க்கு, பூனைக்கு அது கோபம், வால் நிமிர்ந்து நின்றால்தான் சந்தோஷம் என்றார் அவர்.

"ஏளா, கோவத்துல ஆட்டுதுன்னு சொல்லக் கூடாதா?" என்று போனில் கத்தினாள்.

"எப்படி இருக்குன்னு கேட்ட. ஆட்டுதுன்னு சொன்னேன். என்னத்துக்கு ஆட்டுதுன்னு நீ கேக்கல."

அது சரிதான் என்பதால் ஜசிந்தா சீப்பை எடுத்து உள்ளே வைத்தாள்.

அதற்குப் பிறகு குழப்பம் கூடியது. ஒரு நாள் லில்லி வெயிலில் மல்லாந்து வயிற்றைக் காட்டிக்கொண்டு குர்ர்ரென்று சத்தம் போட்டபடி கிடந்தது. இதைவிடச் சுகமாக ஒரு பூனை இருக்க முடியாது. போன் போட்டால், "படுத்துட்டு அக்கா, ஈரத்துணி மாதிரி கெடக்கு. காலைலருந்து எந்திரிக்கவே இல்ல" என்றாள் செலின். வேறொரு நாள் லில்லி எதையோ தின்று வாந்தி எடுத்து மூலையில் சுருண்டிருந்தது. பழைய மாணவி ஒருத்தி கைக்குழந்தையோடு வந்து நெடுநேரம் பேசிவிட்டுப் போன நாள் அது. அன்றைக்கு வால் கோயில் கொடிமரம் மாதிரி நிமிர்ந்து நின்றதாம்.

"நீ நல்லா பாத்தியா?"

"கண்ணு தெரியாமயா இருக்கேன்? நீயே வந்து பாரு."



ஜசிந்தா லில்லியைக் கூடையில் வைத்து மூன்று தெருவும் நடந்து போனாள். செலின் கதவைத் திறந்து, "வா" என்று சொல்லிவிட்டு வழிவிட்டாள். உடம்பு கொஞ்சம் போட்டிருந்தாள். அலமாரி மேல் மாதா படத்துக்குப் பக்கத்தில், மடித்த துண்டு ஒன்றின் மேல் வால் இருந்தது. தூசி தட்டி சுத்தமாக வைத்திருந்தாள்.

கூடையைத் திறந்ததும் லில்லி அலமாரி மேல் ஏறி வாலை ஒருமுறை முகர்ந்தது. பிறகு இறங்கி சோபாவுக்கு அடியில் போய்த் தூங்கிவிட்டது. வால் அதைக் கண்டுகொள்ளவில்லை. ஜசிந்தா நாற்காலியில் உட்கார்ந்தபோது மட்டும் நுனி லேசாக நடுங்கியது. அவள் எழுந்து ஜன்னல் பக்கம் போனாள். வாலும் அந்தப் பக்கம் திரும்பியது.

"பூனையோட வால்தான்" என்றாள் செலின். "ஆனா பூனைக்காக ஆட்டல."

ஜசிந்தாவுக்குப் புரியவில்லை. அங்கிருந்தே மருத்துவருக்குப் போன் போட்டாள். சோறு போடுகிறவர்கள் மனசு வாலுக்குப் போவது இந்த இனத்தில் உண்டுதான் என்றார்.

"அப்ப பூனைக்கு என்ன தோணுதுன்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது டாக்டர்?"

"அது யாருக்கும் தெரியாது டீச்சர். முழு வால் இருந்தாலும் தெரியாது."

போனை வைத்தபோது செலின் வாலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஈரத்துணி மாதிரி கெடந்த அன்னைக்கு அம்மாவோட நெனவு நாள்" என்றாள். "ரெண்டு பூசையிலயும் ஒன்னையக் காணல. நெஞ்சழுத்தக்காரின்னு நெனச்சுக்கிட்டேன். வீட்டுக்கு வந்தா இது இப்படிக் கெடக்கு."

 ஜசிந்தாவின் முகம் எப்போதும் போல இருந்தது.

"அடக்கத்தன்னைக்கு நீ ஒரு சொட்டுக் கண்ணீர் விடலன்னு எல்லாரு முன்னாலயும் சொன்னேன்."

"சொன்ன."

"அப்ப எங்க வீட்டுல இந்த வால் இல்ல அக்கா."

தெருவில் ஐஸ் வண்டி ஒன்று மணியடித்துக்கொண்டு போனது. ஜசிந்தா அலமாரிப் பக்கம் திரும்பாமல் தரையைப் பார்த்தபடியே கேட்டாள்.

"இப்ப எப்படி இருக்கு?"

செலின் எட்டிப் பார்த்தாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவையும் பார்த்தாள்.

"சொல்லத் தெரியல. பாதி நிமிந்திருக்கு. பாதி ஆட்டுது."

"சரி" என்றாள் ஜசிந்தா. "சாப்பிட என்ன இருக்கு?"

செலின் அடுப்படிக்குப் போய் ஊளி மீன் குழம்பைச் சூடாக்கினாள். வாசலில் பைக் சத்தம் கேட்டது. சனிக்கிழமைதோறும் செலினின் கணவர் வேறு ஆளாக மாறி வருவார், அன்றும் அப்படித்தான் வந்திருந்தார். இந்த வாரம் உயரம் கொஞ்சம் கூடுதல், மீசை இல்லை. ஜசிந்தா எழுந்து, "வாங்க தம்பி, நல்லா இருக்கியளா?" என்றாள். அவர் நன்றாக இருப்பதாகச் சொன்னார்.

"அக்காவுக்கு ஃபேனைப் போடுங்க" என்று செலின் உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள்.

சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. செலின் கரண்டியோடு வந்து காட்டிவிட்டுப் போனாள்.