கட்டையின் மேல் தொப்பி

பனியில் சறுக்க வருபவர்களை வடத்தில் தொங்கும் நாற்காலிகளில் மேலே ஏற்றும் எங்கள் அக்-பெல் மலை லிஃப்டில் ஒரு விதி உண்டு. அதை யாரும் எந்தத் தாளிலும் எழுதி வைக்கவில்லை. பிரேக்குக்குக் கட்டை கொடுப்பவன் தன் தலையில் இருக்கும் தொப்பியைக் கழற்றி அந்தக் கட்டையின் மேல் மாட்ட வேண்டும்.

அவசர பிரேக் எண்ணெய் அழுத்தத்தால்தான் விரிந்து நிற்கும். அழுத்தம் போனால் அதன் ஸ்பிரிங் மூடிக்கொண்டு, வடத்தை இழுக்கும் பெரிய சக்கரத்தைக் கவ்விப் பிடிக்கும். ஜனவரி மாதக் காலையில் அந்த எண்ணெய் கெட்டியாகிவிடும், அழுத்தம் ஏறாது. லிஃப்ட் பத்து மீட்டர் ஓடுவதற்குள் பிரேக் கவ்வி நிறுத்திவிடும். அதனால் பிரேக்கின் இரண்டு தாடைகளுக்கும் நடுவே ஒரு பிர்ச் மரக் கட்டையை அடித்து வைத்து, வடத்தின் பனி உதிர வெறும் நாற்காலிகளைச் சுற்றவிடுவோம். ஹீட்டர் அரை மணி நேரத்தில் எண்ணெயை இளக்கிவிடும். பிறகு கட்டையை எடுத்துவிட்டு ஆட்களை ஏற்றுவோம்.

கட்டையை எடுக்க மறந்துவிட்டால் அந்த லிஃப்டுக்குக் கடைசி பிரேக் இல்லை என்று அர்த்தம். அதற்காகத்தான் தொப்பி. மைனஸ் இருபத்தைந்தில் வெறுந்தலையோடு நிற்பவன் எதை மறந்தாலும் தன் காதை மறக்கமாட்டான்.

விதிக்கு இன்னொரு பாதியும் உண்டு. மாட்டியவனைத் தவிர வேறு யாரும் அந்தத் தொப்பியைத் தொடக்கூடாது. ஒருமுறை எவனோ அவசரப்பட்டுக் கட்டையை உருவ, சக்கரம் சட்டென்று நின்று, தூணில் ஏறிப் பனி உடைத்துக்கொண்டிருந்தவன் கீழே விழுந்தான். அதற்கு முன்பும் எங்கள் ஊரில் அடுத்தவன் தொப்பியில் கை வைத்தவனைச் சும்மா விட்டதில்லை. ஆகவே இந்தப் பாதியை யாருக்கும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

நான் தொகோன். ஜிர்கலான் நிலக்கரிச் சுரங்கத்தில் பதினேழு வருடம், இந்த லிஃப்டில் பதினான்கு வருடம். மெக்கானிக். என் கீழே யாரும் நிம்மதியாக வேலை பார்த்ததில்லை என்று சொல்வார்கள். உண்மைதான்.

மேனேஜர் கெனெஷுக்கு முப்பத்து நான்கு வயது. தலைநகர் பிஷ்கெக்கில் ஹோட்டல் நடத்தப் படித்தவன். அவன் வந்த மூன்று குளிர்காலத்தில் நான் கேட்ட எந்த உதிரிப் பாகமும் வரவில்லை. சக்கரம் பின்னால் ஓடாமல் தடுக்கும் கொக்கி போன மார்ச்சிலேயே உடைந்தது. எழுதிக் கொடுத்தேன். டிசம்பரில் ஒரு பெட்டி வந்தது. பிரித்துப் பார்த்தால் நீல நிறக் கம்பளித் தொப்பிகள், முன்பக்கம் மலையின் பெயர், உள்ளே ஆளுக்கொரு எண். எனக்குப் பதினொன்று. கையெழுத்துப் போட்டு வாங்கி, அப்படியே அவன் மேசையில் விட்டெறிந்தேன். கொக்கியை வாங்கிக் கொடு, அதைத் தலையில் மாட்டிக்கொள்கிறேன் என்றேன். ஆபீஸில் இருந்த பெண்கள் சிரித்துவிட்டார்கள். அவன் சிரிக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மைனஸ் இருபத்தேழு. ஹீட்டர் எரிந்து போயிருந்தது. இன்று லிஃப்ட் இல்லை என்று அறிவிக்கச் சொன்னேன். எட்டரை மணிக்குக் கெனெஷே இயந்திர அறைக்கு வந்தான். தலையில் அவனுடைய நரித்தோல் தொப்பி.

"அல்மாட்டியிலேருந்து நாப்பது பேரு வந்து நிக்கிறாங்க பைகே, உள்ளூர்க் கூட்டம் வேற. அவங்களக் கழுதை மேல ஏத்தி அனுப்பவா?"

கழுதைக்குப் பிரேக் இருக்கிறது, தாராளமாக அனுப்பு என்றேன்.

"ஹீட்டர் போனா என்ன? நீங்க வாயால ஊதுங்க. அதுதான் எப்பவும் கொதிச்சுக்கிட்டே இருக்கே."

அண்ணன் முறை வைத்து 'பைகே' என்று கூப்பிடுவான். அந்தச் சொல்லை அவன் வாயில் கேட்க எனக்குப் பிடிக்காது. வெறும் நாற்காலியை எத்தனை சுற்று வேண்டுமானாலும் ஓட்டித் தருகிறேன், ஆள் ஏற வேண்டுமென்றால் கட்டை வெளியே இருக்க வேண்டும், எண்ணெய் இளகாமல் கட்டையை எடுத்தால் லிஃப்ட் ஓடாது என்றேன். அவன் காதில் வாங்கவில்லை. கட்டை எங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்டான். உன் கண் முன்னால்தான் இருக்கிறது, தைரியம் இருந்தால் நீயே வை என்று சொல்லிவிட்டு, சம்மட்டியை அவன் காலடியில் போட்டேன். சறுக்குப் பலகையை மாட்டிக்கொண்டு ஆறாம் தூணுக்குப் பனி உடைக்கப் போய்விட்டேன்.

அவன் செய்யமாட்டான் என்று நினைத்தேன்.

தூணில் இருக்கும்போதே வடம் நகர ஆரம்பித்தது. முதலில் வெறும் நாற்காலிகள் வந்தன. பிறகு ஆட்கள் வந்தார்கள். கையசைத்துக்கொண்டே போனார்கள்.

நான் கீழே வந்து சேர்ந்தபோது பத்து மணி. தாடைகளுக்கு நடுவே கட்டை இறுகி நின்றது. அதன் மேல் ஒரு நீலக் கம்பளித் தொப்பி. உள்ளே புரட்டிப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. என்னுடையது, நான் விட்டெறிந்தது. விதியைக் கேள்விப்பட்டிருக்கிறான், அதைக் கிண்டல் செய்திருக்கிறான். நரித்தோலைத் தலையில் வைத்துக்கொண்டே இதை மாட்டியிருக்கிறான். அவன் காது குளிரப் போவதில்லை. அவனுக்கு ஞாபகம் வரப் போவதும் இல்லை.

புருல் ஏறுமேடையில் இருந்தாள். நாற்காலி வரும்போது ஆட்களைச் சரியாக உட்காரவைத்து அனுப்புவது அவள் வேலை. நாற்பது வயது, கணவன் ரஷ்யாவில் கட்டட வேலை. என்னோடு நல்லபடியாகப் பேசியதே கிடையாது. தாமதமாக வந்தாள் என்று இரண்டு முறை அவள்மேல் புகார் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அவளே அறைக்குள் வந்து எட்டிப் பார்த்தாள். கட்டை இருக்கிறது என்று தான் சொல்லியும் கெனெஷே ஸ்விட்சைப் போட்டான் என்றாள்.

"நான் ஆள் ஏத்தறத நிறுத்திடறேன் பைகே. பன்னெண்டு நிமிஷத்துல மேல போறவங்க எல்லாம் இறங்கிடுவாங்க. நீங்க கட்டைய எடுத்துடுங்க. நின்னா நிக்கட்டும்."

அவள் சொன்னது சரி. அதைவிடச் சரியாக யாரும் சொல்லியிருக்க முடியாது.

"அவன் மாட்டுன தொப்பி. அவனே வந்து எடுக்கட்டும்."

"தொப்பிதானே. அதுவும் உங்க தொப்பி."

"தலையில வச்சாத்தான் என் தொப்பி. இது அவன் வச்சது."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். அங்கே மனிதர்கள் தொங்கிக்கொண்டு போகிறார்கள், இரண்டு ஆம்பளைகளும் இங்கே கம்பளிக்குச் சண்டை போடுகிறீர்கள் என்று முணுமுணுத்துவிட்டு மேடைக்குப் போனாள். மேனேஜர் ஓட்டச் சொல்லி மெக்கானிக்கும் நிறுத்தாதபோது, தானாக நிறுத்த அவளுக்கு அதிகாரம் கிடையாது.

வாக்கி-டாக்கியில் கெனெஷைக் கூப்பிட்டேன். உன் தொப்பி இங்கே காத்துக்கொண்டிருக்கிறது என்றேன். பின்னணியில் தட்டுச் சத்தம். விருந்தாளிகளுக்குக் குர்தாக் கறி வறுவல் பரிமாறிக்கொண்டிருக்கிறேன், சாப்பிட்டுவிட்டு வருகிறேன் என்றான். அரை மணி கழித்து மறுபடி கூப்பிட்டேன். "வர்றேன்னு சொன்னேன்ல" என்று வைத்துவிட்டான்.

நான் ஒரு எண்ணெய் டின்னைக் கவிழ்த்துப் போட்டு அந்தக் கட்டைக்கு எதிரே உட்கார்ந்தேன். சம்மட்டி என் கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தது. அவன் வருவான், என் முன்னால் குனிந்து அதை எடுப்பான், அதை நான் பார்க்க வேண்டும். அது ஒன்றுதான் என் மண்டையில் ஓடியது. வெளியே ஆட்கள் ஏறும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. ஒரு நாற்காலிக்கு இரண்டு பேர். பதினைந்து விநாடிக்கு ஒரு நாற்காலி.

பதினொன்று இருபதுக்கு கியர் பாக்ஸுக்கும் சக்கரத்துக்கும் நடுவே இருந்த தண்டு முறிந்தது. சுரங்கத்தில் கூரைத் தாங்கி முறிந்து விழும்போது கேட்ட சத்தம் அது. மோட்டார் தன்பாட்டுக்கு ஓடியது. அதில் இருந்த சாதாரண பிரேக் இனி எதையும் பிடிக்காது. சக்கரம் மெதுவாகி நின்றது. நான் எழுந்துவிட்டேன். பிறகு, தடுக்கும் கொக்கி இல்லாததால், அது பின்னோக்கிச் சுழல ஆரம்பித்தது.

மேலே போகும் பக்கம் முழுக்க ஆட்கள். இறங்கும் பக்கம் வெறும் நாற்காலி. எடை இழுக்க இழுக்க வேகம் கூடியது. சம்மட்டியால் அடித்தேன். இரண்டரை மணி நேரம் தாடைகள் அழுத்தியதில் கட்டை இரும்பு மாதிரி இறுகியிருந்தது. இரண்டாவது அடியில் தொப்பி தெறித்து விழுந்தது. கட்டை அசையவில்லை. வெளியே புருல் கத்தினாள்.

"குதிங்க. மடிக் கம்பியத் தூக்கிட்டுக் குதிங்க."

ஜன்னல் வழியே பார்த்தேன். நாற்காலிகள் பின்புறமாக மேடைக்குள் வந்து, சக்கரத்தைச் சுற்றும் வளைவில் ஆட்களை வேலிமேல் வீசின. அவள் ஓடவில்லை. ஒவ்வொரு நாற்காலியாகக் கையை நீட்டி ஆட்களைப் பனியில் இழுத்துப் போட்டாள். ஐந்து பேரை இழுத்ததாகப் பிறகு சொன்னார்கள். அடுத்த நாற்காலி வெறுமையாக வந்தது. அது அவள் இடுப்பில் இடித்தது.

ஏழாவது அடியில் கட்டை பறந்தது. பிரேக் கவ்வியது. வடம் துள்ளியதில் மேலே இரண்டு பேர் விழுந்தார்கள். கீழே ஆழமான பனி, பிழைத்தார்கள். மொத்தம் பதினொரு பேருக்கு அடி. சாவு இல்லை. புருலுக்கு இடுப்பெலும்பு மூன்று துண்டு.

கெனெஷ் ஓடி வந்தான். வாயோரத்தில் எண்ணெய்ப் பிசுக்கு. அடிபட்டவர்களைத் தாண்டி நேராக இயந்திர அறைக்குள் வந்து, தரையில் கிடந்த கட்டையையும் தொப்பியையும் பார்த்தான். தொடவில்லை.

மறுநாள் ஆஸ்பத்திரி நடையில் என்னைப் பிடித்தான். 'பைகே' என்ற சொல் அவன் வாயிலிருந்து போய்விட்டது. தொப்பியின் எண் பதினொன்று, பதிவேட்டில் உன் கையெழுத்து இருக்கிறது, நான் வைத்தேன் என்று நீ சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள் என்றான். பிறகு குரலைத் தாழ்த்தினான்.

"கட்டையே இல்லன்னு சொல்லுவோம். எண்ணெய் உறைஞ்சு பிரேக் பிடிக்கல. மெஷின் பழசு. உனக்கும் நல்லது, எனக்கும் நல்லது."

எண்ணெய் உறைந்தால் பிரேக் கவ்வத்தான் செய்யும் என்பதுகூட அவனுக்குத் தெரியவில்லை.

"புருல் பாத்திருக்கா."

"அவளுக்கு நம்ம தயவு வேணும். வாயத் திறக்கமாட்டா."

நான் புருலின் அறைக்குள் போனேன். காலில் எடை கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். ஏதாவது வேண்டுமா என்று கேட்டேன். தண்ணீர் டம்ளரைக்கூட உங்கள் கையால் வாங்கமாட்டேன் என்றாள். கட்டையை வைத்தது கெனெஷ்தான் என்று விசாரணைக்கு வரும் அதிகாரியிடம் சொல்லப்போகிறேன் என்றேன்.

"அந்தாளுக்கு எண்ணெய் தெரியாது, பிரேக் தெரியாது, ஒரு மயிரும் தெரியாது. உங்களுக்குத் தெரியும். பத்து மணிக்கே தெரியும்."

அவ்வளவுதான் சொன்னாள். யாரிடம் என்ன சொல்ல வேண்டும் என்று அவள் எனக்குச் சொல்லவில்லை. கதவைச் சாத்திவிட்டுப் போகச் சொன்னாள்.

விசாரணை அதிகாரி மூன்றாம் நாள் இயந்திர அறைக்கு வந்தார். அறுபது வயதிருக்கும். பழைய வழக்கத்தை விடாத நரின் பக்கத்து மலை ஆள், பேச்சிலேயே தெரிந்தது. தன் தொப்பியைக் கழற்றி, சுத்தமான இடம் பார்த்து, எண்ணெய் படாத அலமாரியின் மேல் வைத்தார். கெனெஷ் வாசலில் நின்றான். எண்ணெய் உறைந்தது பற்றி அவன் ஏற்கெனவே சொல்லி முடித்திருந்தான்.

கட்டை இருந்தது என்றேன். வைத்தவன் வாசலில் நிற்கிறான் என்றேன். கெனெஷ் சிரித்தான், தொப்பியின் எண்ணைப் பாருங்கள் என்றான். அதிகாரி அவனைக் கையமர்த்திவிட்டு, கட்டையை முதலில் எப்போது பார்த்தீர்கள் என்று என்னைக் கேட்டார்.

"பத்து மணிக்கு."

கெனெஷின் சிரிப்பு நின்றது. எனக்கும் சேர்த்துத்தான் குழி வெட்டுகிறேன் என்று அவனுக்குப் புரிந்துவிட்டது.

"பதினொண்ணு இருபதுக்குத்தான அடிச்சு எடுத்தீங்க. நடுவுல என்ன பண்ணீங்க?"

"இதோ இந்த டின்னு மேல உக்காந்திருந்தேன்."

"ஏன் எடுக்கல?"

"அது இன்னொருத்தன் மாட்டுன தொப்பி."

அதிகாரியின் பேனா நின்றது. அவர் கண் தன்னையறியாமல் அலமாரியின் மேல் போய்த் திரும்பியது.

"இத நான் எப்பிடி எழுதறது?"

"பாத்தான், ஆபத்துன்னு தெரியும், எடுக்கலன்னு எழுதுங்க."

எழுதினார். வாசித்துக் காட்டினார். கையெழுத்துப் போட்டேன். 'இவனோடு நானும் உள்ளே போகணுமா' என்று கெனெஷ் வாசலிலிருந்து என் அம்மாவை இழுத்துத் திட்டினான். யாரும் அவன் பக்கம் திரும்பவில்லை.

சாட்சிப் பொருள் வேண்டும் என்று அதிகாரி ஒரு பிளாஸ்டிக் பையை விரித்தார். தொப்பி ஞாயிற்றுக்கிழமை விழுந்த இடத்திலேயே கிடந்தது. மூன்று நாளாக எத்தனையோ பேர் வந்து போயிருந்தார்கள். ஒருவரும் தொடவில்லை, சுற்றித்தான் நடந்திருந்தார்கள். அவரும் குனியவில்லை. பையை என் பக்கம் நீட்டியபடி நின்றார்.

நான் குனிந்து எடுத்தேன். இரண்டு விரல் போதுமாயிருந்தது.