காட்டோவின் சேவல்

வெள்ளிக்கிழமை மதியம் வீட்டின் பின்பக்கம் பெண்கள் கூட்டமாக உட்கார்ந்து மட்டோக்கே வாழைக்காய் உரித்துக்கொண்டிருந்தார்கள். கிஸ்ஸாவும் உரித்தாள். அவள் மடியில் சமூகப்பணிப் பாடத்தின் குறிப்புகள் கிடந்தன. திங்கட்கிழமை செமஸ்டரின் முதல் பரீட்சை. வாழைக்கறை பட்டுத் தாள்களின் ஓரமெல்லாம் கறுத்துவிட்டது. ஒரு காய் உரித்தால் ஒரு பத்தி படிப்பது என்று தனக்குத்தானே பேசி வைத்திருந்தாள். காய் மலையாகக் குவிந்தது, பத்திதான் மண்டையில் ஏறவில்லை. முக்கோனோவில் பரீட்சை அட்டவணையைப் பார்த்துப் பெண்ணின் குவஞ்சுலாவுக்கு நாள் குறித்த குடும்பம் எதுவும் கிடையாது. நாளைக்கு மாப்பிள்ளை வீட்டார் மசாக்காவிலிருந்து கூடை கூடையாகச் சீர் கொண்டுவந்து கிஸ்ஸாவின் அக்காவைப் பெண் கேட்கும் நாள். பரீட்சை அவர்களுக்குத் தலைவலி மாதிரி. வரும், போகும், அதற்கெல்லாம் கல்யாணத்தை நிறுத்த முடியாது.

அத்தை வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அப்பாவின் தங்கை. மாப்பிள்ளையைப் பார்த்து, பேசி, கொண்டுவந்து நிறுத்தியவள் அவள்தான். அதனால் இந்த ஒரு வாரமாக வீட்டில் அவள் வைத்ததுதான் சட்டம்.

"படிச்சது போதும்டி, கண்ணு ரெண்டும் குழிக்குள்ள போயிருச்சு. நாளைக்கு உன் ஊமப் பசங்க பள்ளிக்கூடத்துல ஏதோ விழான்னு சொன்னியே?"

"ஊமைன்னு சொல்லாதீங்க அத்தை, காது கேக்காத பிள்ளைங்க. டெர்ம் கடைசி நாள், பெத்தவங்கல்லாம் வருவாங்க. நான் வர முடியாதுன்னு சொல்லிட்டேன்."

"வர்றேன்னு சொல்லிரு. காட்டோவையும் கூட்டிக்கிட்டுப் போ. இங்க எல்லாம் முடிஞ்சு பந்தல் பிரிச்சப்புறம் வந்தாப் போதும்."

கிஸ்ஸாவின் கத்தி நின்றது. ரெண்டு வருஷமாகச் சனிக்கிழமைதோறும் அவள் அந்தக் காது கேளாதோர் நிலையத்துக்குப் போய்வருவதை இந்த வீட்டில் கேலி செய்யாத ஆள் இல்லை. சம்பளம் இல்லாத உத்தியோகம் என்பார்கள், ஊரான் பிள்ளைக்கு மூக்குத் துடைக்கிறாள் என்பார்கள். இன்றைக்கு அது திடீரென்று புண்ணிய காரியமாகிவிட்டது. அவள் அம்மாவைப் பார்த்தாள். இரட்டைப் பிள்ளை பெற்றவள் என்பதால் ஊரில் யாரும் அம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். நலோங்கோ என்ற பட்டம்தான், ஆட்டுக்காரன்கூட அப்படித்தான் கூப்பிடுவான். அந்தப் பட்டத்துக்கு உரிய இரண்டு பிள்ளைகளில் ஒன்றை, காது கேளாத காட்டோவை, வீட்டை விட்டு அனுப்பப் பேச்சு நடக்கிறது, அம்மாவோ குனிந்த தலை நிமிராமல் காய் உரித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா பேரு பாபிரியே அத்தை. ரெட்டைப் பிள்ளைக்கு வைக்கிற பேரு, கேட்டாலே தெரியும், கூட ஒண்ணு பொறந்திருக்குன்னு. ரெட்டைல இன்னொருத்தன் எங்கன்னு கேக்க மாட்டாங்களா? பொண்ணோட அண்ணன் தம்பி சேவலை வாங்காம அவங்க எப்படிப் பொண்ணைக் கூட்டிட்டுப் போவாங்க?"

"அதெல்லாம் நான் பாத்துக்குறேன். நீ உன் வேலையப் பாரு."

உள்ளே பாபிரியே பட்டுக் கோமேசி உடுப்பைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். இடுப்புப் பட்டி சரியாக உட்காராமல் இழுத்து இழுத்துக் கட்டினாள். கிஸ்ஸா கதவைச் சாத்திவிட்டுக் கேட்டாள்: "அத்தை சொன்னது உனக்குத் தெரியுமா?"

"நான்தான் அத்தைகிட்டச் சொன்னேன்."

கிஸ்ஸா கண்ணாடியில் தெரிந்த அக்காவின் முகத்தையே பார்த்தாள்.

"அப்படிப் பாக்காதடி. லுபேகாவோட அம்மா, எனக்கு வரப்போற மாமியாரு, எப்படிப்பட்டவங்கன்னு உனக்குத் தெரியாது. ரெட்டைல ஒண்ணு அப்படின்னா இன்னொண்ணு வயித்துல பொறக்கறது எப்படி இருக்கும்னு கேப்பாங்க."

"அவனுக்குச் சின்ன வயசுல மூளைக்காய்ச்சல் வந்துதானே காது போச்சு? ரத்தத்துல வந்ததா அது?"

"உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். பந்தல்ல மைக்கப் புடிச்சுக் காய்ச்சலப் பத்தி வெளக்கம் சொல்லச் சொல்றியா?" கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னாள். "ஒருநாள்தான் கிஸ்ஸா. ஒரே ஒருநாள். அவனுக்கு நீ சொன்னாத்தான் புரியும்."

அதுதான் விஷயம். அந்த வீட்டில் காட்டோவோடு எல்லோருக்கும் இருந்தது கொஞ்சம் சைகைதான். சாப்பிடு, வா, போ, மரம் அறு, விளக்கை அணை. மாட்டுக்கும் அவ்வளவு போதும். நிலையத்தில் சைகைமொழியைக் கற்றுக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணனுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவள் கிஸ்ஸா. ‘ஏன்', ‘அதனால்', ‘ஒருவேளை' என்பதெல்லாம் அவர்கள் இரண்டு பேருக்கு மட்டும் சொந்தமான வார்த்தைகள். பொய் சொல்லவும் அந்த வார்த்தைகள்தான் வேண்டியிருந்தன. சண்டை போட்டிருக்கலாம். ஆனால் ஒரு முழு நாள் இந்தக் கூட்டத்தையும் மைக்கையும் விட்டு விலகி, மரத்தடியில் குறிப்புகளோடு உட்காரலாம் என்று ஒரு நினைப்பு எழுந்தது. சீ என்று தோன்றியது. தோன்றியும் அவள் அந்த நினைப்பைத் துரத்தவில்லை.

சனிக்கிழமை காலையில் முற்றத்தில் பந்தல் எழும்பிக்கொண்டிருந்தபோது காட்டோ அறையிலிருந்து வந்தான். வெள்ளைக் கன்சு அங்கி, அதன்மேல் கறுப்புக் கோட்டு, பளபளவென்று துடைத்த ஷூ. தச்சுப்பட்டறையில் கூடுதல் வேலை செய்து தைத்துக்கொண்ட உடுப்பு. தலைமேல் கையை வைத்துக் கொண்டை போல் ஆட்டி, பிறகு நெஞ்சைத் தொட்டான். சேவல் எனக்கு. கொட்டகை போட வந்த பையன்கள் சிரித்தார்கள், அவனும் சேர்ந்து சிரித்தான்.

கிஸ்ஸா அவனைச் சுவரோரம் அழைத்துப் போனாள். நிலையத்தில் பெஞ்சுகள் உடைந்துவிட்டன, பெற்றோர் வருகிறார்கள், வேறு தச்சன் கிடைக்கவில்லை, அதனால் நீ வரவேண்டும் என்று கைகளால் சொன்னாள். அவன் பந்தலைக் காட்டினான். சேவல் வருவதற்குள் திரும்பிவிடலாம் என்றாள். நிச்சயமா என்று கேட்டான். நிச்சயம். அவள் சொன்ன எதையும் அவன் இரண்டாவது முறை கேட்டதில்லை, அன்றைக்குத்தான் கேட்டான். பிறகு உள்ளே போய் உடுப்பைக் கழற்றி மாட்டிவிட்டு, உளிப்பையோடு வந்தான். சமையலறை வாசலில் நின்ற அம்மா அவன் கன்னத்தைத் தொட்டாள். அவளுக்குத் தெரிந்த சைகைகளில் மன்னிப்பு என்று ஒன்று இல்லை.

நிலையத்தில் உண்மையிலேயே இரண்டு பெஞ்சுகள் உடைந்துதான் கிடந்தன. அந்த அளவுக்காவது பொய்க்கு ஒரு கால் இருந்தது. பிள்ளைகள் அவனைச் சூழ்ந்துகொண்டார்கள். புருவத்தில் உளி பட்ட தழும்பு இருந்ததால் இடது புருவத்தை ஒரு விரலால் கீறிக்காட்டுவதுதான் அங்கே அவன் பெயர். எல்லாச் சின்னக் கைகளும் புருவத்தைக் கீறிக்கொண்டு அவனை இங்கே வா, அங்கே வா என்றன. கிஸ்ஸா மாமரத்தடியில் குறிப்புகளை விரித்தாள். ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்தாள். ஒதுக்கப்பட்டோரைச் சமூகத்தோடு இணைப்பது எப்படி என்று அதில் வரிசையாகப் போட்டிருந்தது. படித்தவரைக்கும் எல்லாம் சரியாகத்தான் இருந்தது, அதுதான் அவளுக்கு எரிச்சலாக வந்தது.

உச்சி வெயிலில் காட்டோ வந்து மணிக்கட்டைத் தட்டிக் காட்டினான். நம்மை வீட்டுக்குக் கூட்டிப்போகும் வேன் இன்னும் வரவில்லை என்றாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி வந்தான். வழியில் நெரிசல் என்றாள். மூன்றாவது முறை அவன் கேட்க வரவில்லை. வேலியோரம் நின்று சாலையைப் பார்த்தான், பிறகு போய் உடையாத பெஞ்சுக்கும் ஆணி அடித்தான்.

பெற்றோர்கள் கலையத் தொடங்கியபோது அவன் தன் செல்போனைத் தூக்கிக்கொண்டு வந்தான். குடும்பக் குழுவில் யாரோ வீடியோ போட்டிருந்தார்கள். அவனும் அந்தக் குழுவில் இருக்கிறான் என்பது ஒருவருக்கும் ஞாபகம் இல்லை. பந்தலில் மாப்பிள்ளை வீட்டார் மண்டியிட்டிருந்தார்கள். ரிப்பன் கட்டிய கூடைக்குள் சிவப்புச் சேவல். பெரியப்பா மகன் செபுன்யா எழுந்து வந்து அதை வாங்கித் தலைக்குமேல் தூக்கினான். கூட்டம் கை தட்டியது.

காட்டோ தோளைக் குலுக்கினான். நான் போக லேட்டாகிவிட்டது, அதனால் அவனிடம் கொடுத்துவிட்டார்கள் என்று சொன்னான். அவர்களுக்காக அவனே ஒரு காரணத்தைக் கண்டுபிடித்து வைத்திருந்தான்.  ஆமாம் என்று தலையாட்டினால் முடிந்தது. கிஸ்ஸா ஆட்டப்போனாள். அதற்குள் அவன் வீடியோவைப் பின்னால் தள்ளி, மைக் பிடித்து நின்ற பேச்சாளரைக் காட்டிக் கேட்டான்: இவர் என்ன சொல்கிறார்?

போன் முழுச் சத்தத்தில் கத்தியது. "நம்ம பாபிரியேவோட ஒரே வயித்துல கெடந்தவன், அவளோட ரெட்டை, காட்டோ! எந்திரிச்சு வாய்யா காட்டோ, வந்து உன் சேவலை வாங்கிக்க!" கிஸ்ஸாவைச் சுற்றிப் பத்துப் பிள்ளைகள் நின்றார்கள். அந்தக் குரலைக் கேட்க அங்கே அவள் ஒருத்திதான் இருந்தாள்.

சகோதரன் என்று சொல்லலாம். அதுவும் பொய்யில்லை. அவள் கை அந்தச் சைகைக்காகத்தான் உயர்ந்தது, பாதியில் நின்றது. காலையிலிருந்து வீட்டின் பொய்யெல்லாம் இந்தக் கை வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அவள் தன் இடது புருவத்தை ஒரு விரலால் கீறிக் காட்டினாள்.

தன்னைக் கூப்பிடுகிறாள் என்று நினைத்து அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். சொல், என்ன என்றான். அவள் போனைத் தொட்டாள், பேச்சாளரின் வாயைத் தொட்டாள், செபுன்யாவைத் தொட்டாள், மறுபடியும் புருவத்தைக் கீறினாள். அழுதுகொண்டே கீறினாள். பக்கத்தில் நின்ற ஒரு சின்னப் பெண் விளையாட்டு என்று நினைத்துத் தானும் புருவத்தைக் கீறிச் சிரித்தது.

 காட்டோ பெஞ்சில் உட்கார்ந்து, வீடியோவைப் பின்னால் தள்ளி, பேச்சாளரின் உதடுகளுக்குக் கீழே விரலை வைத்து, தன் புருவத்தைக் கீறிக் கேட்டான். இங்கேயா? அவள் இல்லை என்று தலையாட்டினாள். கொஞ்சம் முன்னால் தள்ளினான். இங்கேயா? ஆமாம். அவன் போனை முகத்தருகே கொண்டுபோனான். அந்த வாய் அகலமாகத் திறந்தது, குவிந்தது. அவன் வாயும் அதேபோல் சத்தமில்லாமல் திறந்து குவிந்தது. செபுன்யா எழுந்து வந்தான். காட்டோ மறுபடி பின்னால் தள்ளினான்.